கோணமலைக் கடலடியில்

திருகோணமலையில் சுவாமி மலை கடலை நோக்கிச் செங்குத்தாக முந்நூறடிக்கும் மேலாக உயர்ந்து நிற்கின்றது. திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் திருக்கோயில் அம்மலையில் விளங்கியது. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அதனை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினான். பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல்லைக் கோட்டை வாயிலில் இன்றுங் காணலாம். ஏனைய தூண்கள் கடலில் வீழ்ந்தன என்பது ஊரவர் வழிவழியாகக் கூறிவந்த செய்தி. இறங்கிப் பார்ப்பதற்குத்தான் வழி இருக்கவில்லை.

மன்னார்க் கடலின் முத்துச் சுழியோடிகள் கல்லின் பாரத்தால் இறங்கி, மூச்சை அடக்கி, ஏறத்தாழ ஒரு நிமிடமே கீழே தங்கினர். சிப்பி பொறுக்க அது போதும்; சிற்பத்தை ஆராயப் போதாது. 1943இல் பிரான்சிய கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியியலாளர் எமில் கன்யானும் அமைத்த கருவி இக்குறையை நீக்கிற்று. முதுகிற் கட்டிய உருளையில் அமுக்கிய காற்று நிரம்பியிருக்கும். சுழியோடி மூச்சிழுக்கும்போது மாத்திரம், சூழ்ந்த நீரின் அமுக்கத்துக்கு இணையாக அக்காற்றை விடுவது ஒரு சிறு வால்வு. மேலிருந்து குழாய் எதுவும் வேண்டியதில்லை.

இக்கருவியுடன் 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆதர் கிளார்க்கும் அவர்தம் நண்பர் மைக் வில்சனும் மலையடியில் இறங்கினர். சோளகக் காலத்தில் அக்கடல் அமைதியுற்றுத் தெளிந்திருக்கும். பாறைகளுக்கிடையே சதுரமாகச் செதுக்கிய தூண்களும் வேலைப்பாடமைந்த கற்களும் குவிந்து கிடந்தன. கிளிமீனும் வண்ணாத்தி மீனும் அவற்றினூடே திரிவன. கலவாய் இடுக்குகளிற் பதுங்கும். செந்நிறத்தை நீர் முதலில் விழுங்கிவிடுவதால் ஆழத்தில் யாவும் நீலமாய்த் தோன்றும். விளக்கொளி பட்டதும் பவளமும் கடற்பஞ்சும் தம் உண்மை நிறங் காட்டும். மீன்களுக்கு வாழ்விடம் தரும் அப்பவளமே உளியின் தடத்தை மூடிவிடுகின்றது. மீனினத்தின் ஆதாயம் வரலாற்றாசிரியனுக்கு நட்டமாகும். சரிந்து சிதறிய கற்களிலிருந்து கோயிலின் அமைப்பை வரைந்துவிடவும் இயலாது. ஆயினும் ஊரவர் சொல்லுக்குக் கண்கண்ட சான்று கிடைத்தது; அது சிறிய காரியமன்று.

கடலடியிலிருந்து இலிங்கம் ஒன்றினை மீட்டவரும் வில்சனே. 1950இல் மலைக்கு அணித்தாக நிலத்தினின்று செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டிருந்தன. புதுக்கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடைபெற்றது.

கிளார்க் 1957இல் இவ்வனுபவங்களை நூலாக்கினார். வில்சன் 1962இல் 'ரன்முத்து தூவ' என்னும் வண்ணச் சிங்களத் திரைப்படத்தை, கடலடிக் காட்சிகளுடன் ஆக்கினார். பின்னர் அவர் அனைத்தையுந் துறந்து, முருகனடியாராகி, சுவாமி சிவ கல்கி என்னும் பெயருடன் வாழ்ந்து 1995இல் மறைந்தார்.