அமெரிக்கக் குடியேற்றக் காலப் பணத்தாள் சேகரிப்பு

அமெரிக்கக் குடியேற்றக் காலப் பணத்தாள் சேகரிப்பு என்பது, வட அமெரிக்காவில் இருந்த பிரித்தானியக் குடியேற்றங்களும், விடுதலைப் போரின்போது கான்டினென்டல் காங்கிரசும் வெளியிட்ட பணத்தாள்களைத் திரட்டி ஆராயும் நாணயவியல் பிரிவாகும்.

வரலாறு

இக்குடியேற்றங்களில் பொன், வெள்ளி நாணயங்களுக்குத் தட்டுப்பாடு நிலவியது. கியூபெக்கைக் கைப்பற்றச் சென்று தோற்றுத் திரும்பிய படைவீரர்களுக்கு ஊதியம் வழங்க, 1690 ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் பணத்தாள்களை வெளியிட்டது. பிற குடியேற்றங்களும் இம்முறையைப் பின்பற்றின.

1775 முதல் 1779 வரை ஏறத்தாழ 24 கோடி டாலர் மதிப்புள்ள கான்டினென்டல் பணத்தாள்கள் வெளியிடப்பட்டன. காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லாமையாலும், பிரித்தானியர் போலித் தாள்களைப் பரப்பியமையாலும் இவற்றின் மதிப்பு வீழ்ந்தது. 1790 ஆம் ஆண்டுச் சட்டப்படி, 100 டாலர் தாள்களுக்கு 1 டாலர் மதிப்புள்ள கடன்பத்திரமே கிடைத்தது. இதனால் இவற்றை ஊதியமாகப் பெற்ற வீரர்கள் பெரும் இழப்புக்கு உள்ளாயினர்.

சிறப்புக் கூறுகள்

அச்சகம் நடத்திய பெஞ்சமின் பிராங்கிளின், மர இலைகளின் உருவத்தை அச்சுவார்ப்பாக மாற்றித் தாள்களின் பின்புறத்தில் பதித்தார். ஒவ்வோர் இலையின் நரம்பமைப்பும் தனித்தன்மை உடையது என்பதால் அதனைக் கையால் செதுக்கிப் போலி செய்வது கடினம். தாள் கூழில் மைக்காத் துகள்களும் கலக்கப்பட்டன. போலி செய்வோருக்கு மரண தண்டனை என்ற எச்சரிக்கையும் பல தாள்களில் அச்சிடப்பட்டிருந்தது. ஆயினும் போலிகள் குறையவில்லை. உண்மைத் தாளோடு ஒப்பிட்டுப் போலியைக் கண்டறிவதற்கென, கையொப்பமும் எண்ணும் இன்றி நீலத் தாளில் அச்சிடப்பட்ட படிகளும் உண்டு. இவை சேகரிப்பாளர்களால் பெரிதும் விரும்பப்படுகின்றன.

1776 பெப்ரவரி 17 நாளிட்ட ஒரு டாலருக்குக் குறைந்த மதிப்புடைய தாள்களில், முன்புறம் சூரியக் கடிகாரமும், பின்புறம் 13 குடியேற்றங்களைக் குறிக்கும் பிணைந்த வளையங்களும் காணப்படுகின்றன.

சேகரிப்பு

பணத்தாள்கள் கையால் எண்ணிடப்பட்டுக் கையொப்பமிடப்பட்டவை. விடுதலைச் சாற்றுரையில் ஒப்பமிட்ட ஜோன் ஹார்ட்டின் கையொப்பமுடைய நியூ செர்சித் தாள்கள் இவ்வகையில் புகழ்பெற்றவை. கிழிந்தபின் நூலால் தைத்தோ குண்டூசியால் இணைத்தோ புழங்கிய தாள்களும் கிடைக்கின்றன. அவற்றின் விலை குறைவு எனினும், மக்கள் வாழ்க்கையை அறிய அவையே சிறந்த சான்றுகள்.

எரிக் நியூமன் எழுதி 1967 இல் வெளியான விவரப்பட்டியல் நூல் இத்துறையின் அடிப்படை நூலாகும். அக்காலப் போலிகளும் இன்று சேகரிக்கப்படுகின்றன. ஆனால், மஞ்சள் நிறமூட்டப்பட்ட மொறுமொறுப்பான தாளில் நினைவுப் பொருளாக அச்சிடப்பட்ட தற்காலப் படிகளுக்கு மதிப்பில்லை; தொடக்கநிலைச் சேகரிப்பாளர்கள் பலர் இவற்றை உண்மையென எண்ணி ஏமாறுகின்றனர். 1973 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி இத்தகைய படிகளில் அவை படிகளே என்ற குறிப்பு இருத்தல் வேண்டும். அதற்கு முந்தியவற்றில் அக்குறிப்பு இராமலும் இருக்கலாம்.