நம்ம ஊர் ஹோலின் கதை

புது வீடு குடிபுகுந்தால் இப்போது முகநூலில் முதலில் ஏறுவது ஹோல்தான். ஜிப்சம் சீலிங், ஓரத்தில் ஓடும் எல்ஈடி வெளிச்சம், முகம் தெரியும் டைல்ஸ், ஒரு சுவருக்கு மட்டும் அடர்ந்த பெயின்ட். "மாடர்ன் ஸ்டைல்" என்கிறோம். சரி. ஆனால் நம்ம ஹோலுக்குள் மாடர்ன் வருவது இதுதான் முதல் தடவையா?

விறாந்தை, சன்னல், கதிரை, மேசை, அலுமாரி. ஐந்தும் போர்த்துக்கேயரிடம் நாம் வாங்கிய சொற்கள். இன்றைக்குப் "பழைய காலத்து" கதிரை என்று ஒதுக்குகிறோமே, அதுவும் ஒரு காலத்தில் புதுப் பாணிதான்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்துப் பழைய கல்வீடுகளை நினைத்துப் பாருங்கள். வீதிக்கு உள்ளே தெரியாத மதில். அடுத்து விறாந்தை, வெளி ஆண்கள் வந்தால் இருப்பு அங்கேதான். அதற்கப்பால் ஹோல். சிவப்புச் சீமெந்துத் தரை, உயரமான ஓட்டுக்கூரை. அது பெண்களின் ஆட்சி.

ஆட்சி என்று சும்மா சொல்லவில்லை. நமது கரையில் வீடு மகளுக்குரியது. மூத்தவளுக்குக் கல்யாணம் என்றால், இருந்த வீட்டையே அவளுக்குக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் இளையவர்களோடு வேறொரு வீட்டுக்கு ஒதுங்குவார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே ஹோலை அலங்கரிப்பது என்பது இங்கே எப்போதும் ஒரு மகளுக்காகச் செய்யும் வேலை.

1978 நவம்பர் 23 சூறாவளி கிடுகு வீடுகளைத் தூக்கி எறிந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் மத்திய கிழக்குப் பயணமும் தொடங்கியது. அந்தக் காசில் வந்தவைதான் கண்ணாடி ஷோகேஸ், பிளாஸ்டிக் பூ, வெல்வெட் துணியில் கஃபா படம். அன்றைய மாடர்ன் அது!

பிறகு 2004 டிசம்பர் 26. கரையோர வீடுகள் ஹோலோடும் உறுதியோடும் போயின. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், பின்னர் தளர்த்தினார்கள். கட்டிக் கொடுத்த வீடுகளுக்கு வைத்த அளவு 500 சதுர அடி. அதில் விறாந்தை எங்கே, ஹோல் எங்கே? அதைவிடப் பெரிய மாற்றம் காகிதத்தில் நடந்தது. கிழக்கில் பல இடங்களில் "குடும்பத் தலைவர்" என்று கணவரின் பெயரையே பதிந்தார்கள். தலைமுறையாகப் பெண்ணின் பெயரில் இருந்த வீடு, உதவி என்ற பெயரில் கைமாறியது. இதை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

நவீனம் என்பதற்கு நம் நாட்டிலேயே உலகம் வந்து பார்க்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில், 33ஆம் ஒழுங்கையில், பக்கத்துப் பக்கத்தில் இருந்த நான்கு சிறிய வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக்கினார். அதன் நீண்ட நடையில் சீலிங் வேலைப்பாடு இல்லை. வெள்ளைச் சுவர், வானம் தெரியும் முற்றங்களிலிருந்து இறங்கும் வெளிச்சம், செட்டிநாட்டுப் பழைய வீடொன்றின் மரத்தூண்கள். நாமோ தூணைப் பிடுங்கி விறகாக்கிவிட்டு, சீலிங்கைத் தாழ்த்தி, வெக்கை தாங்காமல் ஏசி பூட்டுகிறோம். உப்புக் காற்று அந்த ஏசியை என்ன செய்யும் என்று கடற்கரைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

சொந்தக் காசில் செய்பவரை நான் குறை சொல்ல வரவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பிள்ளையைப் பார்க்குமுன் சீலிங்கை அண்ணாந்து பார்க்கிறார்களே, அங்கேதான் நெஞ்சு அடைக்கிறது. முன்பு வீடு கேட்டார்கள். இப்போது டைல்ஸின் அளவு வரை கேட்கிறார்கள். அந்தச் சதுர அடிக்காகக் கட்டாரில் இன்னும் இரண்டு வருடம் கிடக்கும் வாப்பாமார் எத்தனை பேர், உங்கள் ஒழுங்கையிலேயே எண்ணிப் பாருங்கள்.

யார் வீட்டிலாவது அந்தச் சிவப்புத் தரை மிச்சமிருந்தால், படம் எடுத்துக் கீழே போடுங்கள். எந்த வருடம் போட்டது, யாருடைய கல்யாணத்துக்காகப் போட்டது என்று உம்மம்மாவிடம் கேட்டு அதையும் எழுதுங்கள்.