முத்தும் கல்லான சிப்பியும்

திருவெளிப்பாட்டு நூல் காட்டும் புதிய எருசலேமில் மதிலின் அடித்தளங்கள் விலையுயர்ந்த கற்களால் அணி செய்யப்பட்டவை. அதன் பன்னிரு வாயில்களோ முத்துகள். கல்லும் முத்தும் இணையும் காட்சியை அணிகலக் கலையிலும் காண்கிறோம். அரிய முத்தின் அருகே 'அம்மோலைட்' என்னும் வானவில் நிறக் கல்லைப் பதிப்போர் உளர். அவ்விரண்டின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

அம்மோலைட் கனடாவின் ஆல்பெர்ட்டா மாநிலத்தில், புனித மரியாவின் பெயர் தாங்கிய ஆற்றின் கரைப் பாறைகளில் கிடைக்கிறது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த, கணவாய்க்கு உறவான, சுருள் ஓடுடைய அம்மோனைட் என்னும் உயிரினத்தின் ஓடே சேற்றில் புதையுண்டு மணியாயிற்று. அப்பகுதியின் பிளாக்ஃபுட் பழங்குடியினர் இத்தகைய கற்களை 'இனிஸ்கிம்', அதாவது எருமைக்கல், என்று போற்றினர். அணிகல உலகம் 1981இல்தான் இதனை மணிக்கல்லாக ஏற்றது.

முத்தும் இக்கல்லும் தோற்றத்தில் வேறானவை, பொருளில் உடன்பிறப்புகள். இரண்டும் 'அரகோனைட்' என்னும் சுண்ணப்பொருளின் மெல்லிய அடுக்குகளால் ஆனவை. அவ்வடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி நிறங்களாகப் பிரிகிறது. ஒளிப்படம் எடுப்போர் இதனை நன்கறிவர். முத்து தன்னைச் சூழ்ந்த அனைத்தையும் தன்மேல் ஏந்திக் காட்டும். கல்லோ கோணம் மாறினால் நிறம் மாறும். இரண்டும் மென்மையானவை. ஆகவே அம்மோலைட்டின்மேல் பளிங்கு போன்ற கடினமான மூடியைப் பொருத்துவர்.

பாறைக்குள் சிப்பி வந்தது எவ்வாறு? மண்ணே அவ்வுருவங்களை விளைவிக்கிறது என்று ஒரு காலத்தில் அறிஞர் பலர் எண்ணினர். கோபன்ஹேகனில் 1638இல் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ அவ்வாறு எண்ணவில்லை. 1666இல் ஃபுளோரன்சில் பெருஞ்சுறா ஒன்றின் தலையை அறுத்தாய்ந்த அவர், 'நாக்குக் கற்கள்' எனப்பட்டவை பண்டைச் சுறாக்களின் பற்களே என்று கண்டார். 1669இல் வெளியான நூலில் பாறை அடுக்குகள், சிப்பிகள் ஆகியவற்றோடு முத்தைப் பற்றியும் எழுதினார். லூத்தரன் சபையில் பிறந்த இவர் 1667இல் கத்தோலிக்கரானார். 1675இல் குருவாகவும் 1677இல் ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். ஏழ்மையை விரும்பி ஏற்று வாழ்ந்து 1686இல் இறந்தார். புனித இரண்டாம் யோவான் பவுல் 1988இல் இவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். கல்லை ஆய்ந்த கரமே திருப்பலியும் நிறைவேற்றியது. அறிவியல் கற்றால் பிள்ளைகள் விசுவாசம் இழப்பரோ என அஞ்சும் பெற்றோர் இவரை நினைவுகூர்வது நலம்.

நம் மண்ணுக்கும் இவ்விரண்டிலும் பங்குண்டு. அரியலூர்ப் பகுதிப் பாறைகளில் அம்மோனைட் எச்சங்கள் உள்ளன. முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள் 1536-37ஆம் ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் புனித சவேரியார் அவர்களிடையே வந்தார். காலில் கல் கட்டி, மூச்சடக்கி மூழ்கியவர்கள் அவர்கள். முத்து எட்டாத நாடுகளுக்கெல்லாம் சென்றது. மூழ்கியவரின் குடிசைக்கு வறுமையே மிஞ்சியது. தூத்துக்குடியில் 1961இல் நடந்ததே கடைசி முத்துச் சலாபம். அதன்பின் பார்கள் வளம் குன்றின.

மணல் துகளால் முத்து உண்டாகிறது என்று மறையுரைகளில் சொல்வதுண்டு. உண்மையில், பெரும்பாலும் ஒட்டுண்ணியோ காயமோதான் காரணம். சிப்பி தன் காயத்தைத் தன் உடலின் பொருளாலேயே சுற்றி மூடுகிறது, அதுவே முத்தாகிறது. அம்மோனைட்டோ தன் அழகை ஒருநாளும் அறியவில்லை. இறந்து, புதைந்து, நெடுங்காலம் அழுத்தப்பட்ட பின்னரே அது மணியானது.

விலையுயர்ந்த முத்தைக் கண்ட வணிகர் தமக்குள்ள யாவற்றையும் விற்றார் என்று ஆண்டவர் உரைத்தார். அணிகலப் பேழையைத் திறக்கும்போது இரண்டை நினைப்போம்: காயத்தையும் ஒளியாக்கும் படைத்தவரின் பொறுமை, அந்த ஒளியை நமக்கு எடுத்துத்தர மூழ்கிய மனிதரின் மூச்சு. முன்னதற்கு நன்றி சொல்வது செபம். பின்னதற்கு உரிய கூலி கொடுப்பது நீதி. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.