ஒத்தையடிப் பாதையும் ஒளித்து வைத்த பாதையும்

அல்லிநகரத்திலிருந்து வடக்கே பார்த்தால் பழனி மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவரின் உச்சியில், கொடைக்கானலில், 1895-இல் தொடங்கிய ஒரு கோல்ஃப் கிளப் இருக்கிறது. நம்மில் பலர் அதை பஸ் ஜன்னல் வழியாக, காட்டுமாடு மேயும் புல்வெளியாக மட்டுமே பார்த்திருப்போம். "எவ்வளவு இயற்கையா இருக்கு!" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் அந்த இடத்தைக் கடக்க முடியாது. இந்த "இயற்கையா இருக்கு" என்பதற்குப் பின்னால் எவ்வளவு செயற்கை வேலை தேவைப்படுகிறது என்று தேடப்போய்த்தான் கோல்ஃப் வண்டிப் பாதைகளின் கதையில் நான் மாட்டிக்கொண்டேன்.

கோல்ஃப் அடிப்படையில் நடந்து ஆடும் ஆட்டம். பையைச் சுமக்க ஒரு ஆள் கூடவே நடப்பார். 1950-களில் அமெரிக்காவில் பேட்டரி வண்டி பரவியதும் நிலைமை மாறியது. தினமும் ஒரே தடத்தில் சக்கரம் ஏறினால் மண் இறுகிவிடும். இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் போகாது. புல் செத்து, மழை பெய்தால் சேறாகிவிடும். அதனால் கான்கிரீட்டிலோ தாரிலோ பாதை போட வேண்டி வந்தது. போட்டதும் அடுத்த தலைவலி: பச்சைப் புல்வெளிக்கு நடுவே வெள்ளை நாடா ஒன்றை விரித்த மாதிரி இருந்தது.

அதை மறைப்பது தனிக் கலையாக வளர்ந்தது. ஆட்டக்காரர் பந்தை அடிக்கும் இடத்திலிருந்து குழி வரை கண் போகும் கோட்டில் பாதை வரக்கூடாது. ஓரமாக, தரையைவிடக் கொஞ்சம் தாழ்வாக, ஒரு சின்ன மேட்டுக்குப் பின்னால் அது போக வேண்டும். கான்கிரீட்டில் பழுப்புச் சாயம் கலப்பார்கள். வளைவு அழகுதான், ஆனால் காரணமில்லாமல் வளைத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள், குறுக்கே வண்டியை விட்டுப் புல்லைத் தேய்த்துவிடுவார்கள். அதனால் வளைவின் உட்புறத்தில் ஒரு மரமோ மேடோ வைத்து, பாதை அதைச் சுற்றிக்கொண்டு போவது போலக் காட்டுவார்கள்.

கண்ணை ஏமாற்றினாலும் கோல்ஃப் விதிப்புத்தகத்தை ஏமாற்ற முடியாது. கான்கிரீட், தார், சரளை என்று மேற்பரப்பு போட்ட பாதையில் பந்து விழுந்தால் அது "தடை". அபராதமில்லாமல் பந்தை எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாம். வெறும் காலடி பட்டுத் தேய்ந்த மண்பாதையில் விழுந்தால் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது, கிடக்கிற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். அதாவது விதியின் பார்வையில், காலால் உண்டான பாதையும் நிலத்தில் ஒரு பகுதி. நம்ம ஊர் ஒத்தையடிப் பாதைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

பாதையை மறைக்கும் ரசனை கோல்ஃபுக்கு முந்தையது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்கள் தோட்டத்து வேலியைப் பள்ளத்துக்குள் இறக்கிக் கட்டினார்கள். மாளிகையிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையில்லாமல் நீளும், மாடு மட்டும் உள்ளே வராது. 1858-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைத் திட்டமிட்ட ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வெர்ட் வாக்ஸும், பூங்காவைக் குறுக்கே கடக்கும் 4 நகரச் சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கினார்கள். சரக்கு வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். உலாவ வந்தவர் கண்ணில் படாது. பிறகு வந்தவர் அலிஸ்டர் மெக்கென்சி. போயர் போரில் டாக்டராக இருந்தபோது, போயர்கள் நிலத்தோடு நிலமாக ஒளிந்து சண்டையிட்டதைக் கவனித்தவர். முதல் உலகப்போரில் ராணுவத்துக்கு உருமறைப்பு வேலை செய்தவர். செயற்கை மேடு எது, இயற்கை மேடு எது என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதே அவர் கொள்கை. உலகப் புகழ்பெற்ற அகஸ்டா மைதானத்தை வடிவமைத்தவர்களில் அவர் ஒருவர்.

சென்ட்ரல் பார்க் உதாரணம்தான் என்னை உறுத்தியது. அங்கே பள்ளத்தில் இறங்கியது சாலை மட்டுமல்ல, அதில் சரக்கு ஓட்டிப் போன ஆட்களும்தான். அந்த எண்ணத்தோடு நம்ம மலையைத் திரும்பிப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது.

1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1872-இல் கோக்கர் என்ற லெப்டினன்ட் மலை விளிம்பில் நடைபாதை போட்டார். இன்று "இயற்கை அழகு" என்று நாம் போட்டோ எடுக்கும் ஏரி, தைல மரம், சீகை மரம் எல்லாமே வைத்தவைதான். அங்கே போய்ச் சேரும் வழி எது? பெரியகுளம் பக்கம்தான். 1875-இல் ரயில் வந்த பிறகும், அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வர வேண்டும். அங்கிருந்து சுமார் 12 மைல் ஏற்றம். துரைகள் குதிரையிலோ டோலியிலோ போனார்கள். டோலியையும் பெட்டி படுக்கையையும் தட்டுமுட்டுச் சாமானையும் சுமந்தவர்கள் நடந்தார்கள். அந்தப் பாதைக்கு ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் "கூலி காட்".

ஏரி வெட்டியவர் என்று லெவிஞ்சைச் சொல்கிறோம். நடைபாதைக்குக் கோக்கர் பெயர். வத்தலக்குண்டு பக்கத்து மலைச்சாலைக்கு லா என்ற எஞ்சினியரின் பெயர். சுமந்தவர்களுக்குக் கிடைத்தது "கூலி" என்ற ஒரு சொல், அவ்வளவுதான். 1910-களின் நடுவில் அந்த மலைச்சாலையில் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் இந்தப் பாதைக்கு வேலை குறைந்தது. அதை மறைக்க யாரும் சாயம் கலக்கவில்லை, மேடு கட்டவில்லை. ஆள் நடமாட்டம் நின்ற இடங்களில் புதர் தானாக மூடிக்கொண்டது.

2023 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் ஒரு கூத்து நடந்தது. அங்குள்ள ஸ்வில்கன் பாலம், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆடு மேய்ப்பவர்கள் கடப்பதற்காகக் கட்டியது. போட்டோ எடுக்க வரும் கூட்டம் மிதித்து மிதித்துப் பாலத்தடியில் புல் நிற்கவில்லை. நிர்வாகம் வட்டமாகக் கல் பாவியது. உலகம் முழுக்கக் கேலியும் கோபமும் கிளம்ப, சில நாட்களிலேயே கல்லைப் பெயர்த்துப் புல்லை வைத்தார்கள். பாலமும் கல்தான், பாவியதும் கல்தான். முதலாவது மேய்ப்பர்கள் நடக்கக் கட்டியது, இரண்டாவது நடந்த தடத்தை மூடப் போட்டது. எல்லோரையும் உறுத்தியது இந்த வித்தியாசம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வண்டிப் பாதைக்குப் பழுப்புச் சாயம் அடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மண்ணைக் காக்கப் பாதை தேவை, பாதை கண்ணை உறுத்தாமல் இருந்தால் நல்லதுதான். ஆனால் "இயற்கையா இருக்கு" என்று அடுத்த முறை வாயில் வரும்போது, இங்கே யார் நடந்தார்கள் என்ற கேள்வியையும் கூடவே கேட்டுப் பார்க்கலாம். மேகம் இல்லாத நாளில் கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் கீழே பெரியகுளம் பக்கம் தெரியும். இடையில் இருக்கும் சரிவு மனிதக் கால் படாத காடு மாதிரிதான் இருக்கும். கொடைக்கானல் என்ற ஊரே அந்தச் சரிவின் வழியாக, தலைச்சுமையாக மேலே போனது.