பழைய சின்னக் காரின் விலை: கல்முனைக் கரையோரத்தின் ஒரு கணக்கு

எங்கள் கரையோரத்தில் பழைய சிறிய கார் ஒன்றின் விலையைத் தீர்மானிப்பது அதன் இயந்திரமும் அன்று, அது ஓடிய தூரமும் அன்று. கொழும்பில் வெளியாகும் வர்த்தமானி அறிவித்தலே அதனைத் தீர்மானிக்கிறது. 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது முதல், "காக்கா, இப்ப வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?" என்று என்னிடம் கேட்போர் பலர். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை போலும். இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற முடியாது. அறுபது, எழுபது ஆண்டுகள் பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலை ஒட்டி நிற்கின்றன. இவை அனைத்தையும் கோத்திருப்பது ஏ-4 நெடுஞ்சாலை. அது கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக எங்களை அடைந்து மட்டக்களப்பில் முடிகிறது. புகையிரதமோ மட்டக்களப்போடு நின்றுவிட்டது. கல்முனையிலிருந்து அங்கே போக ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஆகவே நோயாளியைக் கொண்டுசெல்வதாயினும், கொழும்பிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வருவதாயினும், சக்கரம் உருள வேண்டிய இடம் வீதியே.

ஐம்பதுகளில் அந்த வீதியில் ஓடியவை பிரித்தானியக் கார்கள்: மொரிஸ் மைனர், ஒஸ்ரின், ஹில்மன், ஃபோர்ட் ஆங்லியா. காணியுள்ள போடிமாரும் சில வணிகர்களும் வைத்திருந்தனர். ஏனையோருக்கு அவை சந்தியில் நிற்கும் வாடகைக் கார்களாகவே அறிமுகம். அக்காலத்துக் காரின் வயதை அறிய இயந்திரத்தைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. இலக்கத் தகடே போதும். ஆங்கில ஆட்சியின் தொடர்ச்சியாகச் 'சிலோன்' என்ற சொல்லிலிருந்து பொறுக்கிய ஈரெழுத்துக்கள், சீ.எல்., ஈ.வை. என்பன போன்றவை, முதலில் இருந்தன. பின்னர் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தமிழரசுக் கட்சி அந்த எழுத்துக்கு எதிராக இயக்கம் தொடங்கியதும், தார் பூசியதும், 1958 ஏப்ரலில் பண்டா–செல்வா உடன்படிக்கை கைவிடப்பட்டதும், மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டதும் யாவரும் அறிந்தவை. ஒரு காரின் நெற்றியில் ஒட்டிய ஓரெழுத்து நாட்டையே எரித்தது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பத் தயங்குவார்கள். ஸ்ரீக்குப் பின் வெறும் எண்கள், 2000ஆம் ஆண்டிலிருந்து மீண்டும் ஆங்கில எழுத்துக்கள், கூடவே மாகாணக் குறி, பின்னர் மூன்றெழுத்துக்கள். பழைய கார் வாங்குவோர் இன்றும் இந்த வரிசையைப் பார்த்தே வயதைக் கணிக்கின்றனர். அரசியல் மாறிய கதையையும் அதே தகட்டில் படிக்கலாம்.

அறுபதுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது தனியார் கார் இறக்குமதி கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. 1970இல் அமைந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில் கதவு ஏறக்குறைய முற்றாகவே அடைபட்டது. உபாலி விஜேவர்தன உள்நாட்டில் பொருத்தி விற்ற ஃபியட், மாஸ்டா கார்கள் அந்த வறட்சியில் விழுந்த சில துளிகள். மற்றப்படி, இருந்த காரை வைத்தே காலம் கழிக்கவேண்டியதாயிற்று. இங்கேதான் எமது கணக்கின் முதலாவது விசித்திரம் பிறக்கிறது. வயது ஏற ஏற விலை இறங்கவேண்டிய பொருள், வயது ஏற ஏற விலை கூடலாயிற்று.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. கிழக்கு ஜேர்மனியில் திரபான்ற் என்ற சிறிய காருக்குப் பெயர் பதிந்துவிட்டுப் பத்தாண்டுகளுக்கு மேல் மக்கள் காத்திருந்தனர். அதனால் உடனே கையில் கிடைக்கும் பழைய திரபான்ற், புதியதைவிட அதிக விலைக்குப் போயிற்று. கியூபாவில் புரட்சிக்கு முந்திய அமெரிக்கக் கார்கள் இன்னும் ஓடுவதும் இதே காரணத்தால்தான். கதவடைத்த நாட்டில் பழைய கார் போக்குவரத்துச் சாதனம் மட்டுமன்று. அது ஒரு சேமிப்புப் பெட்டி. எமது பாஸ்மார் உதிரிப்பாகம் இல்லாத இடத்தில் கடைசல் பட்டறையில் புதிதாகச் செய்து பூட்டினர். இக்கைத்திறன் வீண்போகவில்லை. தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள மொரிஸ் மைனர் நிலையம், அக்காருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்வித்துப் பிரித்தானியாவுக்கு எடுத்துச் சென்றது. கார் பிறந்த நாடு, அதைக் காப்பாற்றிய நாட்டிடம் கையேந்தியது என்றால் மிகையாகாது.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு பொருளாதாரத்தைத் திறந்தது. அதே காலத்தில் எங்கள் ஊர்களின் இளைஞர் சவூதி, குவைத், கட்டார் நோக்கிப் புறப்பட்டனர். கிழக்குக் கரையின் வழமைப்படி அந்தப் பணம் முதலில் சகோதரிக்கும் மகளுக்கும் வீடாயிற்று. வீடு முடிந்தபின் எஞ்சியதுதான் வாகனம். அப்போது வந்திறங்கியவை 'ரீகண்டிஷன்' என்று நாம் அழைக்கும் ஜப்பானியப் பாவித்த கார்கள். ஜப்பானும் எம்மைப்போல் வீதியின் இடப்புறம் ஓட்டும் நாடு. அங்கே புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு; அதற்கான செலவு அதிகம். அதனால் நல்ல நிலையிலிருக்கும் கார்களை ஜப்பானியர் மலிவாகக் கைவிட்டனர். அவர்களுக்குச் சுமையானது எமக்கு வரமாயிற்று.

யுத்தம் அந்த வரத்தைச் சுருக்கிவிட்டது. 1985 சித்திரையில் காரைதீவை ஒட்டி மூண்ட தமிழ்–முஸ்லிம் கலவரமும், 1990 ஜூனுக்குப் பின் வந்த கொடிய மாதங்களும் மட்டக்களப்பு வீதியை ஊர்களுக்கிடையிலான எல்லைக்கோடாக மாற்றின. வானும் ஜீப்பும் வைத்திருந்தவர்கள் ஆயுதம் ஏந்தியோர் கேட்டு வருவார்களோ என அஞ்சினர். பழைய, சிறிய, கண்ணுக்கு அழகற்ற கார் எவரது ஆசையையும் தூண்டவில்லை. மலிவான காருக்கு இப்படியும் ஒரு நன்மை இருந்தது என்பதை எந்த விற்பனையாளரும் விளம்பரத்தில் சொல்லியிருக்கமாட்டார்.

இக்காலத்தில்தான் இந்தியாவின் மாருதி 800 எங்கள் வீதிகளில் பெருகியது. 1979இல் சுசுக்கி நிறுவனம் 470,000 யென் விலைக்கு வெளியிட்ட ஆல்ரோவின் வழியில் வந்தது அது. 1983 டிசெம்பரில் இந்தியாவில் அறிமுகமாகி, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 796 கன சென்ரிமீற்றர், மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம். அதில் ஒளித்து வைக்கும் நுட்பம் ஏதுமில்லை. எந்த ஊரின் கராஜிலும் பிரித்துப் பூட்டலாம். பெற்றோலும் கொஞ்சமாகவே குடிக்கும். ஆசிரியர்கள், கிராம சேவை அலுவலர்கள், சிறு கடைக்காரர்கள் என முதன்முதலாகக் கார் வாங்கிய ஒரு தலைமுறை இங்கே அதிலேறித்தான் மழையில் நனையாமல் வேலைக்குப் போயிற்று. மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒரு பிள்ளையும், பின்னால் மனைவியும், நடுவில் இன்னொரு பிள்ளையுமாகப் போன குடும்பத்துக்கு நான்கு கதவும் ஒரு கூரையும் எவ்வளவு பெரிய ஏற்றம் என்பதைக் கார்ச் சஞ்சிகைகள் அளப்பதில்லை. 2011 முதல் இலங்கைக்கு வந்த ராற்றா நானோ அதனினும் மலிவாக அதே வாக்குறுதியைத் தந்தது. 2018இல் அதன் உற்பத்தியும் ஓய்ந்தது.

இனி, தீமைகளைச் சொல்லவேண்டும். முதலாவது எதிரி கறள். எமது பிரதான வீதியே கடலுக்கு அண்மையில் ஓடுகிறது. வீடுகள் அதனினும் அண்மையில். உப்புக்காற்று மெல்லிய தகட்டை உள்ளிருந்து தின்னும். மேலே புதிய வர்ணம் மின்னும் காரில், சாரதியின் காலடித் தகடு, கதவுகளின் அடிவிளிம்பு, பின்சக்கர வளைவின் உட்புறம், பற்றரி வைக்கும் தட்டின் கீழ்ப்புறம் ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோவது நல்லது. தகடு இருக்கவேண்டிய இடத்தில் பசையை நிரப்பி வர்ணம் பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது. 2004 டிசெம்பர் 26இல் கடல் எங்கள் ஊர்களுக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட அந்த நாளின் முன் காரைப் பற்றிப் பேசுவது அற்பமே. ஆயினும் அதன்பின், "இது தண்ணீர் குடித்த வண்டியா?" என்பது இக்கரையில் கேட்டே ஆகவேண்டிய கேள்வியாயிற்று. ஆசனப் பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றின் கோடு அங்கே மறைந்திருக்கும். மாரி வெள்ளம் வருடந்தோறும் வரும் மண்ணில் இந்தச் சோதனை இன்றும் பழசாகவில்லை.

இரண்டாவது, உயிர். 2014 ஜனவரியில் குளோபல் என்கெப் அமைப்பு இந்தியச் சிறிய கார்களை மோதிப் பரிசோதித்தபோது, ஆல்ரோ 800க்கும் நானோவுக்கும் வளர்ந்தோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் கிட்டவில்லை. ஊருக்குள் மெதுவாக ஓடும்வரை இது உறைக்காது. ஆனால் எங்கள் குடும்பங்கள் நோயாளியை ஏற்றிக்கொண்டு, நள்ளிரவில், காற்றுப்பையில்லாத அதே காரில், யானை கடக்கும் சியம்பலாண்டுவைக் காடுகளினூடாகக் கொழும்புக்குப் புறப்படுகின்றன. என்னைக் கேட்டால், இத்தகைய காரை ஊருக்கு வைத்துக்கொண்டு கொழும்புக்குப் பஸ்ஸில் போங்கள் என்பேன். கேட்பவர் குறைவு.

பணத்தின் கதை தனியானது. 2015 ஜனவரியின் இடைக்கால வரவுசெலவுத் திட்டம் 1,000 கன சென்ரிமீற்றருக்குக் குறைந்த கார்களின் வரியைக் குறைத்தது. இறக்குமதி பெருகி அந்நியச் செலாவணி கரைந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே மத்திய வங்கி, வாகனப் பெறுமதியின் 70 சதவீதத்துக்கு மேல் கடன் கொடுக்கலாகாது என்றது. 2017இல் கார்களுக்கு அது 50 சதவீதமாயிற்று. எங்கள் ஊர்களில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதால் 'லீசிங்' என்றாலே ஒதுங்குவோர் இங்கு அதிகம். 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தமும், 2011இல் முழுமையான இஸ்லாமிய வங்கியாகத் தொடங்கப்பட்ட அமானா வங்கியும் இஜாரா என்ற வாடகை முறைக்கு வழி திறந்தன. எனினும் வயது கூடிய வண்டிக்குப் பணம் கொடுக்க நிறுவனங்கள் எவ்வகையாயினும் தயங்கும். ஆகவே மிகப் பழைய கார் என்பது காசு கொடுத்தே வாங்கும் கார், வட்டியில்லாத கார். சிலருக்கு அதன் முதற்பெரும் நன்மை இதுவே. மகளின் நகையை விற்ற காசும் இதற்குள் போய்விடுகிறது என்பது அதன் மறுபக்கம்.

2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டதும் எழுபதுகள் திரும்பிவந்தன. 2022இல் ரூபா சரிந்தது. ஜனவரியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ஆயிற்று. கியூ.ஆர். அட்டைக்கு ஆரம்பத்தில் காருக்குக் கிடைத்த வாராந்த அளவு 20 லீற்றர். பெரிய வண்டிக்காரர் அதைக் கண்டு அழுதனர். மாருதிக்காரரோ அதை வைத்தே வாரம் முழுவதும் ஓடினர். அந்த ஆண்டுகளில் பழைய சிறிய கார்களின் விலை, வாங்கிய விலையைத் தாண்டி ஏறியது. வாங்கி வைத்திருந்தவன் புத்திசாலியானான். அப்போது வாங்கவேண்டியிருந்தவன், வேறு நாட்டில் நல்ல காரொன்றை வாங்கக்கூடிய பணத்தைக் கறள் பிடித்த தகட்டுக்குக் கொடுத்தான்.

2025இல் கதவு திறந்தபோதிலும் வாசலில் வரிகள் நிற்கின்றன. சுங்கத் தீர்வை, அதன்மேல் மேலதிகக் கட்டணம், உற்பத்தி வரி, 18 சதவீத வற் எல்லாம் ஏறியபின் புதிதாக வரும் சிறிய கார், சம்பளக்காரருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதன் நிழலில் பழையதும் விலை இறங்க மறுக்கிறது. பொறுத்திருந்தால் பாதி விலைக்கு வரும் என்று காத்திருப்பவர்களுக்கு எழுபதாண்டு வரலாறு அப்படியொரு ஆறுதலைத் தரவில்லை. 1977 போன்ற திறப்பு ஒருமுறைதான் நிகழ்ந்தது. ஆனால் இலாபத்துக்கு விற்கலாம் என்று கடன்பட்டு வாங்குவோருக்கு அதே வரலாறு எச்சரிக்கையாகவும் நிற்கிறது. ஒரே வர்த்தமானி போதும், எழுதிய விலையை அழிப்பதற்கு. தேவைக்கு வாங்குபவர், உடல் தகடு சுத்தமானதும், இயந்திரம் சற்று ஓய்ந்ததுமான காரை வாங்கலாம். இயந்திரத்தை எங்கள் பாஸ்மார் திருத்துவர், உக்கிய தகட்டை எவராலும் திருத்தமுடியாது.

இன்னொன்று. இங்கே கார்கள் 'ஓப்பன் பேப்பர்' என்னும் வழக்கப்படி, பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட படிவங்களோடு கைமாறுவதுண்டு. நான்காவது, ஐந்தாவது கைக்கு வரும்போது பதிவுப் புத்தகத்திலுள்ளவர் மௌத்தாகியிருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம். பணத்தை எண்ணிக் கொடுக்குமுன், புத்தகத்தில் பெயருள்ளவரை, அல்லது அவரது வாரிசை, நேரில் கண்டு கையொப்பம் வாங்குங்கள். அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். தரகர் அவசரப்படுத்தினால், அடுத்த காரைப் பார்க்கப் போகலாம்.