பிறந்த வீட்டுக்குப் போன கார்

ஆடிப் பதினெட்டு அன்று ஒகேனக்கல்லில் நிற்க இடம் கிடைக்காது. காவிரியில் முங்கி எழும் கூட்டம் ஒரு பக்கம், புதுத்தாலி மாற்றிக்கொள்ள வந்த ஜோடிகள் ஒரு பக்கம், பென்னாகரத்திலிருந்தே ஊர்ந்து வரும் வண்டிகள் ஒரு பக்கம். புதிதாகக் கல்யாணமான பெண் ஆடியில் பிறந்த வீட்டுக்குப் போவது நம் வழக்கம். அம்மா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு ஆவணியில் புகுந்த வீடு திரும்புவாள். திரும்பி வருவாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, அதனால் யாரும் ஜாமீன் கேட்பதில்லை.

காருக்கு அப்படி இல்லைங்க. வெளிநாட்டில் பிறந்து இந்தியாவில் வாழ்க்கைப்பட்ட ஒரு பழைய கார், பிறந்த ஊரில் இருக்கும் கார் கிளப்பையும் அங்கே கூடும் தன் சொந்தபந்தங்களையும் பார்த்துவிட்டு வர வேண்டுமென்றால் முதலில் ஜாமீன் கட்டியாக வேண்டும். அது ஏன் என்று தோண்டப்போய்த்தான் இந்தக் கட்டுரை இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலில் காரைப் பற்றி. 2023 ஆகஸ்டில், சரியாக ஆடி முடியும் தறுவாயில், அகமதாபாத்திலிருந்து ஒரு குடும்பம் லண்டனுக்குக் கிளம்பியது. விமானத்தில் அல்ல, 1950ஆம் வருட எம்.ஜி. ஒய்.டி. காரில். சிவப்பு நிறம், பெயர் 'லால் பரி', அதாவது சிவப்புத் தேவதை. இந்த ஒய்.டி. மாடல் 1948 முதல் 1950 வரை மட்டுமே தயாரானது. மொத்தமே 900க்கும் குறைவு. 1250 சிசி எஞ்சின்தான்; இன்றைக்கு நம் ஊர்ச் சின்னக் கார்களில் இருக்கும் அளவு. அதை வைத்துக்கொண்டு ஈரான், துருக்கி, ஐரோப்பா என்று இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனார்கள். போன இடம் இங்கிலாந்தின் அபிங்டன். அந்தக் கார் பிறந்த ஊர்.

அபிங்டனில் எம்.ஜி. தொழிற்சாலை இப்போது இல்லை. 1929இல் அங்கே வந்தது, 1980இல் மூடிவிட்டார்கள். ஆனால் எம்.ஜி. கார் கிளப் இருக்கிறது. 1930இல் தொடங்கியது. பழைய தொழிற்சாலை இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே 'கிம்பர் ஹவுஸ்' என்ற கட்டடத்தில் அதன் தலைமையிடம். தொழிற்சாலையின் பழைய தயாரிப்புப் பதிவேடுகளை அந்தக் கிளப்தான் பாதுகாக்கிறது. சேஸிஸ் எண்ணைச் சொன்னால் கார் என்றைக்குப் பிறந்தது என்று ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம். தொழிற்சாலை போனாலும் பிறப்புப் பதிவேடு போகவில்லை! இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தக் கிளப்காரர்களைக் கும்பிடலாம்.

பழைய கார்கள் ஓரிடத்தில் கூடுவது எப்போது தொடங்கியது? இதற்கு 1896க்குப் போக வேண்டும். அதுவரை இங்கிலாந்தில் தானாக ஓடும் வண்டிகளுக்கு வேக வரம்பு மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல். வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து போக வேண்டும். (நம் ஊர்த் தேர் இதைவிட வேகம் :-)) 1896 நவம்பர் 14 அன்று இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டாட அன்றே முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் லண்டனிலிருந்து கடற்கரை ஊரான பிரைட்டனுக்குக் கிளம்பின. பாதி வழியில் நின்றவை நிறைய. 1927இல் அந்த ஓட்டத்தை மறுபடி நடத்திப் பார்த்தார்கள். 1930இல் பிரைட்டனில் வைத்தே பழைய கார்களுக்கென்று ஒரு கிளப்பும் பிறந்தது. இன்றும் நவம்பர் முதல் ஞாயிறு விடிகாலையில் லண்டன் ஹைட் பார்க்கிலிருந்து கார்கள் புறப்படுகின்றன. 1905க்கு முன்னால் செய்த வண்டி மட்டுமே சேரலாம். அதற்காகவே கப்பலேற்றி, வெவ்வேறு நாடுகளிலிருந்து கொண்டு வருகிறார்கள்.

தூரம் 86 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அதே கணக்குதான். ஆனால் பிரைட்டன் பாதையில் நம் காட்டுச் சரிவு கிடையாது. அந்தக் கால பிரேக்கை நம்பி நம் மலைப் பாதையில் இறங்க எத்தனை பேர் துணிவார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

நம்மிடம் அவ்வளவு பழைய கார் ஏது என்று நினைக்க வேண்டாம். 1901இலேயே பாரி கம்பெனியின் இயக்குநர் ஏ.ஜே. யார்க் அடையாறிலிருந்து பாரிமுனை அலுவலகத்துக்குக் காரில் போய் வந்திருக்கிறார். 1903இல் சிம்ப்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் சென்னையிலேயே நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டியிருக்கிறார். வயதுக் கணக்குப்படி அந்த இரண்டுமே பிரைட்டனுக்குத் தகுதி!

சரி, இந்தியாவிலிருந்து அவ்வளவு தூரம் போவது எப்படி? ஒரு காலத்தில் இது நாம் இன்று நினைக்கும் அளவுக்குக் கஷ்டமான பயணம் இல்லை. 1924இல் மேஜர் ஃபோர்ப்ஸ்-லீத் என்பவர் லண்டனிலிருந்து குவெட்டா வரை வோல்ஸ்லி கார் ஓட்டி வந்தார். 1957 ஏப்ரலில் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் பஸ்ஸே விட்டார்கள், பெயர் 'இந்தியாமேன்'. ஜூன் முதல் வாரத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தது. 1968இல் லண்டன்–சிட்னி பந்தயக் கார்கள் காபூல், கைபர், டெல்லி வழியாக பம்பாய் வந்து, அங்கிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியா போயின. 1979இல் ஈரானில் புரட்சி, அதே ஆண்டு டிசம்பரில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அந்தச் சாலைப் பயணங்களின் காலம் அதோடு முடிந்தது. லால் பரி மும்பையில் கப்பலேறி துபாயில் இறங்கியதற்குக் காரணம் இதுதான். இந்தியா–பாகிஸ்தான் நிலைமை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஜாமீன் விஷயம். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினால் எதிர்க்கரை கர்நாடகம், சாமராஜநகர் மாவட்டம். நடு ஆற்றில் மாநிலம் மாறுவது பரிசலில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. நாட்டு எல்லை அப்படி இல்லை. ஒரு கார் எல்லையைத் தாண்டினால் சட்டப்படி அது இறக்குமதி, சுங்கவரி கட்ட வேண்டும். சுற்றிப் பார்க்க வந்தவன் ஒவ்வொரு நாட்டிலும் வரி கட்டினால் ஓட்டாண்டிதான். அதனால் ஒரு நூறு வருடத்துக்கு முன்பே மோட்டார் சங்கங்கள் ஓர் ஏற்பாடு செய்தன. பெயர் 'கார்னே'. பார்க்க ஒரு புத்தகம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று துண்டுகள். உள்ளே நுழையும்போது சுங்க அதிகாரி ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார், வெளியேறும்போது இன்னொன்று. மூன்றாவது துண்டு இரண்டு முத்திரைகளோடும் புத்தகத்திலேயே நிற்கும். வெளியேறிய முத்திரை இல்லையென்றால், 'வண்டியை எங்கள் நாட்டிலேயே விற்றுவிட்டாய்' என்று அந்த நாடு வரியைக் கேட்கும். கேட்பது வண்டிக்காரரிடம் அல்ல, கார்னே கொடுத்த சங்கத்திடம். சங்கம் சும்மா ஏமாறுமா? அதனால் முன்கூட்டியே வண்டிக்காரரிடம் வங்கி உத்தரவாதம் வாங்கி வைத்துக்கொள்கிறது. சில நேரம் தொகை வண்டியின் விலையைவிட அதிகமாகவே போகும். கார்னே ஒரு வருடம் செல்லும். இந்தியாவில் மும்பையில் இருக்கும் மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் கொடுக்கிறது. 1954இல் நியூயார்க்கில் ஐ.நா. மாநாடு ஒன்றில் இதற்கு உலக அளவில் ஒப்பந்தமும் போட்டார்கள்.

எல்லா நாட்டுக்கும் பொதுவான விதிதானே, இதில் நமக்கென்ன தனி வரலாறு என்று கேட்கலாம். இருக்கிறது. மற்ற நாடுகளின் கவலை, வந்த கார் போகுமா என்பது. நம் கவலை, போன கார் வருமா என்பது.

சுதந்திரத்துக்கு முன் இந்திய சமஸ்தானங்கள் உலகத்தின் விலை உயர்ந்த கார்களை வாங்கிக் குவித்தன. சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தன. 1971இல் மன்னர் மானியமும் நின்றது. பெட்ரோல் போடவே யோசிக்க வேண்டிய நிலையில் ரோல்ஸ்ராய்ஸ்கள் கொட்டகையில் கிடந்தன, கோழி அடைகாத்தது. 1950களிலும் 60களிலும் மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் வந்து சொற்ப விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். ராஜ்கோட் மகாராஜாவின் 1934 ரோல்ஸ்ராய்ஸ், 'ஸ்டார் ஆஃப் இந்தியா', 1968இல் நாட்டை விட்டுப் போனது. பிறகு பல வருடம் கழித்து அதே குடும்பம் அதைத் திரும்ப வாங்கியது. இப்படித் திரும்பியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

திரும்பாத ஒன்றைச் சொல்கிறேன். கல்கத்தாவில் 1910இல் ஓர் ஆங்கிலேயப் பொறியாளர் அன்னப்பறவை வடிவத்தில் ஒரு கார் வைத்திருந்தார். இங்கிலாந்தில் லோஸ்டாஃப்ட் என்ற ஊரின் புரூக் கம்பெனி செய்தது. அலகு திறந்து நீராவி பீய்ச்சும், கண்கள் ஒளிரும். கூட்டம் மிரண்டு ஓட, போலீஸ் அதைத் தெருவில் ஓட்டத் தடை போட்டது. பிறகு நாபா மகாராஜா வாங்கினார். இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் நெதர்லாந்தில் ஹேக் நகரின் லௌமன் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். நன்றாகப் பராமரிக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் கல்கத்தாத் தெருவை மிரட்டிய அன்னம், கல்கத்தாப் பிள்ளைகளுக்குப் படத்தில்தான்.

இப்படிப் போய்க்கொண்டே இருந்ததால்தான் 1972இல் பழைய கார்களை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. காலம் கடந்து வந்த தடை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அது வந்திராவிட்டால் இப்போது இருப்பதும் இருந்திருக்காது. கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் காருக்கு அனுமதியும் உத்தரவாதமும் கேட்பதன் அர்த்தம் இங்கேதான் புரிகிறது. 2012இல் உதய்பூர் அரச குடும்பத்தின் 1924 ரோல்ஸ்ராய்ஸ் கலிஃபோர்னியாவில் பெபிள் பீச் கார் விழாவுக்குப் போனது. அதே விழாவில் 2018இல் இந்திய சமஸ்தானக் கார்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்தார்கள். அங்கே நின்றவற்றில் சில இந்தியாவிலிருந்து போனவை, மற்றவை என்றைக்கோ போய் அங்கேயே தங்கிவிட்டவை. ஒரே வரிசையில் விருந்தாளியும் குடியேறியவரும்!

உள்நாட்டில் 2021இல் வேறொரு விதி வந்தது. 50 வருடத்துக்கு மேல் வயதான, உருமாற்றாத வண்டிக்கு 'வி.ஏ.' என்ற தனி எண் வரிசை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்த எண் வாங்கிவிட்டால் கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். அதாவது ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் வந்து எண்ணெய்க் குளியல் போட்டு மீன் வறுவல் சாப்பிட முடியாது. ஊர்வலம் என்று சொல்லி நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தால் மீன் சாப்பிடலாமா என்று விதியில் இல்லை.

மகாராஜா கார்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. தமிழ்நாட்டிலேயே பிறந்த கார்கள் இருக்கின்றனவே? 1949இலிருந்து எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி வண்டலூர் பக்கத்தில் வேன்கார்டு, ஹெரால்டு, கெஸல் என்று வரிசையாகச் செய்தது. ஹெரால்டு இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் விற்ற வண்டி. அங்கே எல்லாம் இரண்டு கதவு. கூட்டுக்குடும்பம் பின் சீட்டில் ஏற வேண்டாமா? 1968இல் வந்த நம்ம ஊர் ஹெரால்டில் நான்கு கதவு. அந்த நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் தயாராகவில்லை. அப்படிப்பட்ட ஒன்றை இங்கிலாந்தில் டிரையம்ஃப் கிளப் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கிருக்கும் பெரியவர்கள் கதவை எண்ணிப் பார்ப்பார்கள்.

மன்னர் வண்டிக்குக் கிடைத்த அக்கறை இதற்குக் கிடைக்கவில்லை. டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய வண்டி, 1980களில் மாருதி வந்ததும் காயலான் கடைக்கு எடைக்குப் போனது. மிச்சமிருப்பவற்றை இன்று சென்னையிலும் கோவையிலும் சிலர் ஆசையாக வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் லால் பரி மாதிரி தன் ஹெரால்டைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போக நினைத்தால் கார்னே வேண்டாம், கப்பல் வேண்டாம், ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் தாண்டினால் போதும். ஆனால் சேஸிஸ் எண்ணைச் சொல்லி ஏட்டைப் புரட்டச் சொல்ல, அங்கே எந்தக் கதவைத் தட்டுவது?