அளக்கப்பட்ட சமத்துவமும் அளக்கப்படாத அதிகாரமும்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் டைட்டில் 9

அமெரிக்காவில் 1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையொப்பமிட்ட கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதி ‘டைட்டில் 9’ என அறியப்படுகிறது. நடுவண் அரசின் நிதியுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தின் அடிப்படையில் எவரையும் விலக்கலாகாது என்பது அதன் சாரம். கல்லூரி விளையாட்டில் இச்சட்டம் பெற்ற வெற்றிக்கும் அதன் குறைக்கும் காரணம் ஒன்றே என்பது இக்கட்டுரையின் வாதம்: அது எதை அளந்ததோ அது வளர்ந்தது; எதை அளக்காமல் விட்டதோ அது தேய்ந்தது.

விளையாட்டு பற்றி வெளிப்படையாக எதுவும் கூறாத இவ்விதிக்கு 1975ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளும் 1979ஆம் ஆண்டின் கொள்கை விளக்கமும் நடைமுறை வடிவம் தந்தன. பின்னதில் இடம்பெற்ற மும்முனைச் சோதனையின்படி, வீரர், வீராங்கனையரின் விகிதம் மாணவர், மாணவியரின் விகிதத்தோடு பெரிதும் ஒத்திருத்தல், பெண்களுக்கான வாய்ப்புகளைத் தொடர்ந்து விரிவுபடுத்தி வருதல், பெண்களின் ஆர்வத்தையும் திறனையும் முழுமையாக நிறைவு செய்தல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைக் கல்லூரி மெய்ப்பித்தால் போதும். கோஹன் எதிர் பிரவுன் பல்கலைக்கழகம் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996இல் இச்சோதனையை உறுதிசெய்தது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் (என்.சி.ஏ.ஏ.) உறுப்புக் கல்லூரிகளில் 1971-72இல் ஏறத்தாழ 30,000 ஆக இருந்த வீராங்கனையரின் எண்ணிக்கை இன்று இரண்டு லட்சத்தைக் கடந்திருப்பதில் இந்த அளவுகோலுக்குப் பெரும் பங்குண்டு.

ஆண்களின் மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற அணிகள் கலைக்கப்பட்டதற்கு இச்சட்டமே காரணம் என்பது எதிர்த்தரப்பின் முதன்மையான வாதமாகும். அந்த வீரர்களின் இழப்பு மெய்யானது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் எந்த அணியையும் கலைக்குமாறு சட்டம் பணிக்கவில்லை; பெரிய கல்லூரிகள் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றுக்கே 85 உதவித்தொகைகள் வரை ஒதுக்கி, எஞ்சியதிலிருந்தே சமநிலையைத் தேட முற்பட்டதால், அந்தச் சுமை சிறிய அணிகளின் தலையில் விழுந்தது.

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் இழப்பு தலைமைப் பொறுப்புகளில் நேர்ந்தது. 1972இல் பெண்கள் அணிகளின் பயிற்றுநர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்களாக இருந்தனர். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. சட்டத்தால் பணமும் மதிப்பும் கூடிய பணியிடங்களை ஆண்களும் நாடினர். தனித்து இயங்கிய பெண்கள் விளையாட்டுத் துறைகள் ஆண்கள் துறையோடு இணைக்கப்பட்டபோது, இயக்குநர் பொறுப்பு பெரும்பாலும் ஆண்களிடமே சென்றது. பெண்களே நடத்திய ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கமும், என்.சி.ஏ.ஏ. 1981-82இல் பெண்களுக்கான போட்டிகளைத் தொடங்கியபின் நிலைக்க முடியாமல் மறைந்தது. பணி நியமனத்தில் பாகுபாட்டைச் சட்டம் தடுக்கிறது என்பது உண்மையே. ஆயினும் ஆடுவோரின் எண்ணிக்கைக்கு இருப்பது போன்ற விகிதச் சோதனை ஏதும் தலைமைக்கு இல்லை என்பதால், சரிவு படிப்படியாக நிகழ்ந்தும் கல்லூரிகள் விடை கூற வேண்டிய நிலை எழவில்லை.

கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்க 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாடு வழிவகுத்துள்ள நிலையில், இப்படிப்பினை மேலும் முக்கியத்துவம் பெறுகிறது. அப்பணம் எவருக்கு எவ்வளவு செல்கிறது என்பதும், பயிற்றுநர், இயக்குநர் பொறுப்புகளுக்கு எவர் அழைக்கப்பட்டு எவர் அமர்த்தப்படுகின்றனர் என்பதும் அணியிடங்களைப் போலவே கணக்கிடப்பட்டு, பொதுவில் வெளியிடப்பட்டு, அவற்றுக்குக் கல்லூரிகள் பொறுப்பேற்கும்படி விதிகள் விரிவாக்கப்பட வேண்டும்.